ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நெட் ஸ்பீடு ஏறுமா? ரீஸ்டார்ட்டா, புது மோடமா, பெரிய பிளானா

போன குளிர்காலத்துல மூணு வாரம் எங்க வீட்ல ராத்திரி எட்டரை மணின்னா ஒரு சடங்கு நடக்கும். பையன் மாடியிலேர்ந்து "அப்பா, நெட்டு"ன்னு கத்துவான், நான் சோபாவுக்குப் பின்னாடி குனிஞ்சு மோடத்தோட பவர் வயரைப் புடுங்கி, முப்பது எண்ணி, திரும்பச் சொருகிட்டு லைட்டு நிலையா எரியற வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பேன். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் சரியாகிடும். ஒன்பதரைக்கு திரும்ப அதே கத்தல். நாங்க இருக்கறது நியூ ஜெர்சியில ஒரு டவுன்ஹவுஸ், நெட்டு வர்றது கோஆக்சியல் கேபிள் வழியா, அதாவது டிவி கேபிள் வர்ற அதே கறுப்பு வயர்தான். 300 எம்பிபிஎஸ் பிளான். நல்ல நேரத்துல லேப்டாப்பை வயர் போட்டு நேரா மோடத்துல மாட்டிப் பாத்தா 340 வரைக்கும் காட்டும், கெட்ட நேரத்துல 40, சில நாள் 15.

ஆபீஸ்ல சொன்னா ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் டைமர் பிளக் வாங்கி மாட்டு, தினம் விடியக்காலம் நாலு மணிக்கு அதுவே ஆஃப் ஆகி ஆன் ஆகும்ங்கறார், இன்னொருத்தர் உன் மோடம் பழசு, அதைத் தூக்கிப் போடுங்கறார். கேபிள் கம்பெனிக்கு போன் போட்டா அந்தம்மா ரொம்ப தன்மையா "ரீஸ்டார்ட் பண்ணீங்களா"ன்னு கேட்டாங்க, தினமும் அதைத்தாம்மா பண்றேன்னதும் அப்ப 600 பிளானுக்கு மாறிக்கோங்கன்னாங்க. இதுல பாதியை நான் பண்ணியே பாத்துட்டேன், மீதியை கணக்குப் போட்டு வேணாம்னு விட்டுட்டேன்.

முதல்ல ரீஸ்டார்ட். இதை மூடநம்பிக்கைன்னு ஒரேடியா தள்ளவும் முடியாது. கேபிள் மோடம் ஓடறது டாக்சிஸ்னு ஒரு தரத்துல, முதல் வெர்ஷன் 1997, 3.0 வந்தது 2006, 3.1 வந்தது 2013. பவர் குடுத்ததும் மோடம் என்ன பண்ணும்னா, வயர்ல வர்ற அலைவரிசையை ஒவ்வொண்ணா தடவி ஏதோ ஒண்ணைப் பிடிக்கும், கம்பெனிப் பக்கம் சிஎம்டிஎஸ்னு ஒரு பெரிய பெட்டி இருக்கு, அதுக்கிட்ட நான் எவ்வளவு சத்தமா பேசினா உனக்கு கேக்கும்னு அனுப்பி அனுப்பிப் பாத்து தன்னோட பவரை சரி பண்ணிக்கும், ஐபி அட்ரஸ் வாங்கும், அப்புறம் ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைலை இறக்கிக்கும். நீங்க 300க்கு காசு கட்டறீங்களா 600க்கா அப்படிங்கற சமாச்சாரமே அந்த ஃபைல்லதான் இருக்கு. கடைசியா பல சேனல்களை, அதாவது அலைவரிசைத் துண்டுகளை, ஒண்ணா சேத்துக் கட்டும். அமெரிக்காவுல ஒரு சேனல் 6 மெகாஹெர்ட்ஸ், அதுல சுமாரா 38 எம்பிபிஎஸ் போகும், என் மோடம் 24 சேனலைக் கட்டற ரகம்.

இது புரிஞ்சா ரீஸ்டார்ட் எங்க வேலை செய்யும்னு தானா புரிஞ்சிடும். பிளானை மாத்தி ரெண்டு நாளாச்சு, ஸ்பீடு அப்படியே இருக்குன்னா ரீஸ்டார்ட் பண்ணுங்க, புது கான்ஃபிக் ஃபைல் வந்து நிஜமாவே ஸ்பீடு ஏறும். ராத்திரி எப்பவோ லைன்ல ஒரு இழுபறி வந்து மோடம் 24ல ஆறு சேனலோட ஒட்டிக்கிட்டு அப்படியே கிடக்குன்னா, ரீஸ்டார்ட்ல திரும்ப 24ஐயும் பிடிக்கும். புது ரௌட்டர் (மோடத்துலேர்ந்து நெட்டை வாங்கி வீடு முழுக்க வைஃபையா குடுக்கற பெட்டி) வாங்கி மாட்டினீங்க, நெட்டே வரலைன்னாலும் இதேதான், பல மோடங்கள் முதல்ல பாத்த ரௌட்டரோட மேக் அட்ரஸை, அதாவது அந்தப் பெட்டியோட அடையாள எண்ணை, ஞாபகம் வெச்சுக்கிட்டு புதுசை வாசல்லயே நிறுத்திடும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் மறக்கும். மாசக்கணக்குல ஓடி சாஃப்ட்வேர் கிறங்கிப் போயிருந்தாலும் தெளியும். இதெல்லாம் மோடத்தோட மண்டைக்குள்ள இருக்கற குழப்பம், அதுக்கு ரீஸ்டார்ட் போதும்.

குழப்பம் மண்டைக்கு வெளியில இருந்தா? சாயங்காலம் ஏழு மணிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் ஸ்பீடு படுத்துக்குது, மத்த நேரம் பிரமாதம்னா அது பெரும்பாலும் தெருவே சேர்ந்து இழுக்கறதுதான். கேபிள்ல அந்தச் சேனல்கள் உங்களுக்கு மட்டும் ஒதுக்கினது இல்ல, ஒரு நோடுல, அதாவது ஏரியாவுக்குப் பிரிச்சுக் குடுக்கற பெட்டியில, பல நூறு வீடு இருக்கலாம், எல்லாரும் அதே சேனல்களைப் பங்கு போட்டுக்கறாங்க. ரேஷன் கடை வரிசையில நீங்க வெளிய போய்ட்டு திரும்ப வந்து நின்னா வரிசை சின்னதாகாது. அப்லோடு இன்னும் மோசம், இங்க பழைய அமைப்புல 5லேர்ந்து 42 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் மேல போற பாதை, அந்தச் சந்துக்குள்ளதான் மொத்த தெருவோட ஜூம் மீட்டிங்கும் போகணும். இதுக்கு ஒரு சின்ன விதிவிலக்கு, நாலு சேனல் எட்டு சேனல் பழைய மோடம்னா ரீஸ்டார்ட்ல கூட்டம் கம்மியான வேற சேனல்கள்ல போய் விழ வாய்ப்பு உண்டு, ஆனா அது அதிர்ஷ்டம்.

இன்னொண்ணு, ரீஸ்டார்ட்டுக்குக் கிடைக்கற பேர்ல பாதி அதோடது இல்ல. நீங்க பவரைப் புடுங்கினதும் வீட்ல இருக்கற அத்தனை பேரோட டவுன்லோடும் அறுந்துடுது, பையனோட கேம் அப்டேட் நின்னுடுது, போன் போட்டோவை மேல ஏத்திட்டிருந்ததும் நின்னுடுது, அப்புறம் காலி ரோட்ல நீங்க ஸ்பீடு டெஸ்ட் போட்டு "பாத்தியா ஏறிடுச்சு"ங்கறீங்க. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முன்னாடி எடுத்த டெஸ்ட் மாடியில வைஃபைல, பின்னாடி எடுத்தது மோடத்துக்குப் பக்கத்துல உக்காந்து. ரெண்டும் வயர்ல, ஒரே சர்வருக்கு, மத்ததெல்லாம் நிறுத்தி வெச்சுட்டு எடுத்தாதான் கணக்கு.

பண்றதுன்னா ஒழுங்கா பண்ணுங்க. மோடத்தையும் ரௌட்டரையும் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, அரை நிமிஷம் விட்டு (உள்ள இருக்கற கபாசிட்டர் வடியணும், டக்குனு சொருகினா சில பெட்டி பாதி முழிப்புலயே இருக்கும்) முதல்ல மோடம், அதோட ஆன்லைன் லைட்டு நிலைச்ச பிறகு ரௌட்டர். வீட்டு போனும் அதே பெட்டியிலன்னா உள்ள பேட்டரி இருக்கலாம், அப்ப நீங்க வயரைப் புடுங்கினாலும் அது சாவகாசமா ஓடிட்டேதான் இருக்கும், பேட்டரியையும் கழட்டணும். பின்னாடி குண்டூசி நுழையற ஓட்டை இருக்கு பாருங்க, அதைத் தொடாதீங்க. அது ரீஸ்டார்ட் இல்ல, ரீசெட், அழுத்திப் பிடிச்சா வைஃபை பேர் பாஸ்வேர்டு எல்லாம் போய் ஃபேக்டரி நிலைக்கு வந்துடும், அப்புறம் கேமரா, டிவி, பிரின்டர்னு ஒவ்வொண்ணா சேத்துட்டு ஞாயித்துக்கிழமை காலி.

மோடத்தை விட்டுட்டு ரௌட்டரை மட்டும் ரீஸ்டார்ட் பண்றதுங்கறது தனி ஆப்ஷன், ரெண்டும் தனித்தனி பெட்டியா இருக்கறவங்க நிறைய பேர் இதை யோசிக்கறதே இல்ல. வயர்ல 300 வருது வைஃபைல 30 வருதுன்னா மோடத்தை எதுக்கு தொந்தரவு பண்ணணும்? ரௌட்டர் ஆன் ஆகும்போது பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் எந்த சேனல்ல இருக்குன்னு பாத்து தனக்கு ஒண்ணை எடுத்துக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்கறது 1, 6, 11 மூணே மூணுதான், டவுன்ஹவுஸ் வரிசையில அந்த மூணுலயும் பத்து பேர் உக்காந்திருப்பாங்க. மலிவு ரௌட்டர்ல மெமரி நிறைஞ்சு போறதும் உண்டு. அனுபவத்துல, "ரீஸ்டார்ட் பண்ணேன் சரியாச்சு"ன்னு சொல்றவங்க வீட்ல சரியானது முக்கால்வாசி ரௌட்டர்தான், புகழ் மோடத்துக்குப் போகுது.

டைமர் பிளக் எனக்குப் பிடிக்கல. பதினஞ்சு டாலர்தான், மாட்டறதும் சுலபம், ஆனா அது பண்றது என்னன்னா கோளாறை தினமும் துடைச்சு வெக்கறது. அதுக்கு மேல, கம்பெனிக்காரங்க மோடத்துக்கு ஃபர்ம்வேர் (உள்ள ஓடற சாஃப்ட்வேர்) அனுப்பறதும் நடுராத்திரிலதான், நீங்க சொந்தமா வாங்கின கேபிள் மோடம்னாலும் ஃபர்ம்வேர் அவங்ககிட்டேர்ந்துதான் வரும், அது இறங்கிட்டிருக்கும்போது பிளக் கரண்டை வெட்டினா வம்பு. வயசான ரௌட்டர், அடுத்த மாசம் மாத்தப் போறோம், அதுவரைக்கும் ஓட்டணும்னா ரௌட்டருக்கு மட்டும் மாட்டிக்கோங்க.

இப்ப நான் மூணு வாரமா பண்ணாத விஷயத்துக்கு வர்றேன். பிரவுசர்ல 192.168.100.1னு அடிச்சா பெரும்பாலான கேபிள் மோடங்கள் தன்னோட பக்கத்தைத் திறந்து காட்டும், ரௌட்டருக்குப் பின்னாடி இருந்தாலும் பொதுவா வரும். அதுல ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு வரி இருக்கும், பவர் எவ்வளவு, இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேல இருக்கு, எத்தனை பிழை திருத்தினது, எத்தனை திருத்த முடியாதது. ஒரு சனிக்கிழமை பையன் கத்தினதும் நான் வயரைப் புடுங்காம, முதல்ல இந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்தேன். 24 வரியில ஆறுதான் உருப்படி. மீதியில கொஞ்சத்தை மோடம் பிடிக்கவே இல்ல, கொஞ்சத்துல திருத்த முடியாத பிழை லட்சக்கணக்குல. பவர் மைனஸ் 11 டிபிஎம்வி (சிக்னல் பலத்தோட அளவு), ப்ளஸ் 7க்கும் மைனஸ் 7க்கும் நடுவுல இருந்தா நல்லதும்பாங்க. சிக்னல் இரைச்சல் கணக்கு 29, 30னு ஆடுது, இவ்வளவு கீழ்ப் பவர்ல அது 33க்கு மேல இருந்தாகணும். மேல அனுப்பற பவர் 51, அதாவது மோடம் தொண்டை கிழிய கத்திட்டிருக்கு. கீழ லாக்ல டி3 டைம்அவுட், டி3 டைம்அவுட்னு வரிசையா, அதுக்கு அர்த்தம் நான் கூப்பிட்டேன் அந்தப் பக்கம் பதிலே இல்லங்கறது. இது முத்திப் போனா மோடமே தன்னைத்தானே ரீஸ்டார்ட் பண்ணிக்கும், நீங்க வேற தனியா எழுந்து போக வேண்டாம்.

இந்தப் பிழை எண்ணிக்கை எல்லாம் ரீஸ்டார்ட் பண்ணா ஜீரோவுலேர்ந்து ஆரம்பிக்கும். மூணு வாரமா தினமும் ராத்திரி நான் சாட்சியை அழிச்சிட்டிருந்திருக்கேன். அப்புறம் டெக்னீஷியனைக் கூப்பிட்டா அவர் பாக்கற நேரத்துக்கு எல்லாம் சுத்தமா இருக்கும், "எங்க பக்கம் ஒண்ணும் பிரச்சனை இல்லையே சார்"னு போய்டுவார்.

வயரைப் பிடிச்சிட்டே போனேன். சோபாவுக்குப் பின்னாடி சுவர்லேர்ந்து வந்த கேபிள் நேரா மோடத்துக்கு வரல, டிவி அலமாரிக்குள்ள போச்சு. அலமாரியை இழுத்துப் பாத்தா எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன நாலு வழி ஸ்பிளிட்டர், தூசி படிஞ்சு, ஒண்ணுல எங்க மோடம், மீதி மூணு ஓட்டையும் வாயைப் பொளந்துட்டு சும்மா இருக்கு. நாலா பிரிச்சா ஒவ்வொரு வழியிலயும் சுமாரா 7 டிபி போய்டும், ரெண்டா பிரிச்சாலே மூணரை. நாங்க கேபிள் டிவியே எடுக்கல, யாருக்காக இத்தனை நாள் நாலு பங்கு போட்டோம்னு தெரியல. மூடாத ஓட்டை வழியா வெளி இரைச்சல் வேற உள்ள வரும். அது போதாதுன்னு உள்ள வர்ற பக்கம் இருந்த கனெக்டரைத் தொட்டா விரல்லயே சுத்துது, அரை மரைதான் ஏறியிருக்கு. ஸ்பிளிட்டரைக் கழட்டிட்டு ரெண்டு கேபிளையும் சேக்கற சின்ன ஜாயின்ட் ஒண்ணு, கடையில ரெண்டு மூணு டாலர், அதைப் போட்டு ஸ்பேனர்ல லேசா முறுக்கினேன், ஓவரா முறுக்கினா மோடத்துப் பக்க முனை உடையும்.

பவர் மைனஸ் 4, மேல போறது 44, சிக்னல் கணக்கு 37. அதுக்கப்புறம் ரீஸ்டார்ட் ஒரே ஒரு தடவை, அதுவும் எண்ணிக்கையை ஜீரோவாக்கத்தான். மறுநாள் ராத்திரி எட்டரைக்கு நான் பாட்டுக்கு மோடத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்திருக்கேன், பழக்கதோஷம், யாரும் கத்தல.

எல்லார் வீட்லயும் இப்படி அலமாரிக்குப் பின்னாடி புதையல் இருக்காது. உள்ள எல்லாம் முறுக்கியாச்சு, ஸ்பிளிட்டர் இல்ல, அப்பவும் எண் மோசம்னா கோளாறு வீட்டுக்கு வெளியில, கம்பத்துலேர்ந்து வர்ற கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கலாம், வெயில் அடிச்சா ஒரு மாதிரி மழை பெஞ்சா ஒரு மாதிரின்னா அதேதான், அதை டெக்னீஷியன்தான் மாத்தணும். வரும்போது அந்த போட்டோக்களை, தேதி நேரத்தோட, காட்டுங்க. "நெட் ஸ்லோ"ன்னு சொல்றவங்களுக்கும் "மேல போற பவர் 51, டி3 வருது"ன்னு சொல்றவங்களுக்கும் கிடைக்கற மரியாதையே வேற. கோளாறு உங்க வீட்டு உள்வயர்லன்னா காசு கேப்பாங்களான்னு புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க.

புது மோடம் வாங்கறது எப்ப சரின்னா, கையில இருக்கறது எட்டு சேனல் பெட்டியா இருந்து பிளான் 300க்கு மேல இருந்தா. எட்டு பெருக்கல் 38, 304 வருது, அதுவும் தெருவோட சேத்து, அதுல 500 எதிர்பாத்தா எப்படி. 3.1 மோடம்னா ஓஎஃப்டிஎம்னு அகலமான ஒரே சேனலும், நல்ல பிழைத் திருத்தமும் உண்டு, அதோட யாராவது பெரிய ஃபைலை மேல ஏத்தும்போது மத்தவங்க மீட்டிங் திக்காம இருக்க வரிசையைக் குட்டையா வெச்சுக்கற ஏற்பாடும் அந்தத் தரத்துலயே கட்டாயம். வீட்ல ரெண்டு பேர் மீட்டிங்ல இருக்கறவங்களுக்கு ஸ்பீடு நம்பரை விட இதுதான் தெரியும். கம்பெனி மோடத்துக்கு மாசம் பத்து பதினஞ்சு டாலர் வாடகை கட்டறீங்கன்னா 150 டாலருக்கு வாங்கின சொந்த மோடம் ஒரு வருஷம் சொச்சத்துல காசை எடுத்துடும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனியோட அனுமதிப் பட்டியல்ல அந்த மாடல் இருக்கான்னு பாக்கணும். இன்டெல் பூமா 6 சிப் போட்ட பழைய மாடல்கள் செகண்ட்ஹேண்ட்ல சல்லிசா கிடைக்கும், 2016லேர்ந்தே அந்தச் சிப்புல நெட்டு விட்டு விட்டு இழுக்குதுன்னு பெரிய பஞ்சாயத்து, அதைத் தொடாதீங்க. நான் அந்த மூணு வாரத்துல புது மோடத்தை கார்ட்ல போட்டு வெச்சிருந்தேன். வாங்கியிருந்தா அதே ஸ்பிளிட்டர்லதான் மாட்டியிருப்பேன்.

பெரிய பிளான் கதையும் அதுதான். 40 வர்ற வீட்ல 300ஐ 600 ஆக்கினா 40தான் வரும். வயர்ல 300 முழுசா வந்து, அப்பவும் பத்தலைன்னா மட்டும் மாறுங்க, நாலு பேர் வீட்டுக்கு 300 பத்தாம போறது அபூர்வம்.

எங்கப்பா திருச்சியில இருக்கார், அவர் வீட்ல ஃபைபர். அங்கயும் அந்தப் பெட்டிக்கு மோடம்னுதான் பேர், லோக்கல் நெட்காரப் பையனும் போன் பண்ணா "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"தான். ஆனா ஃபைபர்ல இந்த சேனல் கட்டற வேலை, மரை லூஸு, டிபிஎம்வி எல்லாம் கிடையாது, சிவப்பு லைட்டு எரிஞ்சா ஒயர் மடங்கியிருக்கு இல்ல எங்கயோ அறுந்திருக்கு, நூறு தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் வராது. மாசக் கோட்டா முடிஞ்சு ஸ்பீடைக் குறைச்சிருந்தாலும் வராது. அங்க ரீஸ்டார்ட்ல சரியாகறது பெரும்பாலும் பெட்டிக்குள்ள இருக்கற ரௌட்டர் பாதிதான். பழைய போன் லைன் டிஎஸ்எல்ல கதையே தலைகீழ், பிரிட்டன் மாதிரி ஊர்கள்ல அடிக்கடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா லைன் ஆடுதுன்னு நினைச்சு சிஸ்டமே ஸ்பீடைக் குறைச்சு வெச்சுடும்.

போன வாரம் அப்பா போன் பண்ணி நெட்டு ஸ்லோ, அஞ்சு தடவை ஆஃப் பண்ணிட்டேன்டான்னார். வீடியோ கால்ல பாத்தா பெட்டி மேல அம்மா போட்ட எம்ப்ராய்டரி துணி, அதுக்கு மேல ஒரு பிள்ளையார். துணியை எடுக்கச் சொன்னேன், பிள்ளையாரை அலமாரிக்கு மாத்தச் சொன்னேன், போன் 2.4ல இருந்துச்சு, 5 ஜின்னு முடியற வைஃபை பேர் ஒண்ணு தெரியும் பாருங்கப்பா, அதுல போங்கன்னேன்.

"5ஜி எங்க தெருவுக்கு வந்து ரொம்ப நாளாச்சேடா, அது ரீசார்ஜ்ல போற காசு, நான் எதுக்கு வீட்ல உக்காந்துட்டு அதைச் செலவு பண்ணணும்?"

அது வேற 5ஜிப்பா, இது வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ்னு புரிய வெக்க இருபது நிமிஷம் ஆச்சு.